நேர்மையான அதிகாரிக்குச் சமூக அனுகூலம் பற்றிய பேச்சு எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஓர் ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலராகச் சமீபத்தில் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டதால், கிராம ஊராட்சிகளின் தனி அலுவலர் பொறுப்பும் உங்களிடம் வந்திருக்கிறது. தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி ஒன்றில், அனைவரையும் அரவணைத்து நடத்த விரும்பும் அதிகாரி முதலில் தன் அதிகாரத்தையும் தனக்குள்ள சமூக அனுகூலத்தையும் உணர வேண்டும் என்றார்கள். நீங்களோ தலைமையாசிரியர் வீட்டுப் பெண். மதுரை நகரில் படித்து, தேர்வெழுதி, உழைத்து வந்தவர். கை நீட்டியதில்லை, எவரிடமும் சாதி விசாரித்ததில்லை. அப்படியானால் எதை உணர்வது, உணர்ந்து திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் எதை மாற்றுவது என்பது உங்கள் கேள்வி. இதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: நேர்மையாக இருந்து எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் போதாதா? போதாது என்பது என் பதில்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கமே கழிந்தது. பின்னர் புதிதாகப் பணியில் சேர்வோருக்கு அலுவலக நடைமுறை வகுப்புகள் எடுத்து வருகிறேன். காவல்துறையிலும் மருத்துவமனைகளிலும் அதிகாரமும் அனுகூலமும் எப்படி இயங்குகின்றன என்பதை அனுபவத்திலிருந்து பேச எனக்குத் தகுதியில்லை. தவிர, நான் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். மனுவோடு வந்து நிற்பவர்களைப் பற்றி நான் எழுதுவது, மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததும் அவர்கள் வாயால் கேட்டதும்தான்.

முதலில் குற்றவுணர்வை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். பயிற்சியில் சொன்னதைக் கேட்டதும் யாரோ உங்களுக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை நீட்டியதைப் போல இருந்திருக்கிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. விளக்கம் கொடுக்க வேண்டிய குற்றச்சாட்டு எதுவும் இதில் இல்லை. ஒரு வேலை முடிவதற்காக மற்றவர்கள் செலவழிப்பதில் நமக்குச் செலவழிக்க நேராமல் போனது எவ்வளவோ, அதைத்தான் நான் சமூக அனுகூலம் என்று கணக்கிடுகிறேன். ஒரு வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு அது தேவைப்பட்டால், எந்த அலுவலகம், எந்தெந்த ஆவணம் என்பது உங்கள் தந்தைக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் அவரிடம் படித்த ஒருவர் அந்த அலுவலகத்தில் இருப்பார். போன இடத்தில் ‘உட்காருங்க சார்’ என்பார்கள். இதில் எதுவும் லஞ்சத்திலோ சிபாரிசிலோ சேராது. அதே சான்றிதழுக்காகச் சேடப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு கூலிப் பெண் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருகிறார். 2025–26இல் நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய்; அது போயிற்று. சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பயணச் செலவு குறைந்திருக்கிறது. ஆனாலும் வாசலில் மனு எழுதிக்கொடுப்பவருக்கு ஒரு தொகை, இ-சேவை மையத்தில் ஒரு தொகை, ‘இறப்புச் சான்றில் பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கு, சரிபண்ணிட்டு வாங்க’ என்று திருப்பிவிட்டால் இன்னொரு நாள் கூலி. இருவருக்கும் விதி ஒன்று, கட்டணம் ஒன்று, கோப்பைப் பார்க்கும் எழுத்தரும் ஒருவரே. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்திய பிறகும் செலவு ஒரே மாதிரி இல்லை. அந்த எழுத்தர் மிக நேர்மையானவராக இருந்தாலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கில் நீங்கள் எல்லா இடத்திலும் மேலே இருக்கிறீர்கள் என்றும் சொல்ல முடியாது. ஒப்பந்ததாரர் உங்கள் அறைக்குள் வந்து உங்களைப் பார்க்காமல் மேலாளரைப் பார்த்தே பேசுவார். ஆய்வுக்கு நீங்கள் போகும் ஊரில் ‘சார் வரலையா?’ என்று ஓட்டுநரிடம் கேட்பார்கள். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் சுட்டிக்காட்டியது இதை ஒட்டியதுதான்: கறுப்பினப் பெண் ஒருவருக்கு நேரும் பாகுபாட்டை, நிறத்தைத் தனியாகவும் பாலினத்தைத் தனியாகவும் பார்க்கும் சட்டத்தால் முழுதாகப் பிடிக்க முடிவதில்லை என்றார். நம் ஊரில் பாலினத்தோடு சாதி, நிலம், படிப்பு, பேசும் தமிழ், உடல் ஊனம் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. பெண் என்பதால் உங்களுக்கு நேர்ந்தது நினைவில் இருக்கும்; தலைமையாசிரியர் மகள் என்பதால் உங்களுக்கு நேராமல் போனது நினைவில் இருக்க வழியில்லை. அதனால்தான் இதை மனசாட்சியிடம் கேட்பதைவிடப் பதிவேட்டிடம் கேட்பது நல்லது என்கிறேன். எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதிகாரத்தைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு: அது பதவியில் இருக்கிறது, பதவியில் இருப்பவர் பணிவாக நடந்துகொண்டால் அது கரைந்துவிடும் என்பது. சமூக உளவியலாளர்கள் ஃபிரெஞ்சும் ரேவனும் 1959இல் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி, தண்டிக்கும் திறன், கொடுக்கும் திறன், விஷயம் தெரிந்திருப்பது, பிறர் நம்மைப் போல் இருக்க விரும்புவது. ஒன்றிய அலுவலகத்தில் இந்த ஐந்தில் இரண்டோ மூன்றோதான் உங்கள் அறையில் இருக்கும். எந்தப் பட்டியல் எந்தக் கோப்பில் கிடக்கிறது என்ற அறிவு உதவியாளரிடம் இருக்கிறது. யாருக்கு வேலை அட்டை கிடைக்க வேண்டும் என்பது நடைமுறையில் ஊராட்சிச் செயலரிடம் இருக்கிறது. அரசின் கொள்கை என்பது கடைசியில் களப்பணியாளர் நாள்தோறும் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளின் தொகுப்பாகவே மக்களை வந்தடைகிறது என்று அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் எழுதினார். இதை மதுரைப் பக்கம் நிரூபிக்க ஒரு கேட்வால்வு போதும்.

தொட்டி ஆபரேட்டர் காலையில் மேல்நிலைத் தொட்டியின் எந்த வால்வை முதலில் திறக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் தொட்டி ஊரின் நடுவிலோ மேட்டிலோ இருக்கும். ஆதிதிராவிடர் குடியிருப்பு குழாயின் கடைசியில் இருக்கும். ஊர்த் தெருக்களுக்குத் தண்ணீர் விட்டு முடித்து அங்கே திறக்கும்போது மணி ஒன்பது தாண்டியிருக்கும், அழுத்தமும் குறைந்திருக்கும். ஒன்பது மணிக்கு அந்தத் தெருப் பெண்கள் நூறு நாள் வேலைத் தளத்தில் இருப்பார்கள். அங்கே வருகைப்பதிவு கைப்பேசிச் செயலியில் புகைப்படமாக ஏறுகிறது, தாமதித்தால் கூலி போகும். ஆகவே தண்ணீரா கூலியா என்று தினமும் ஒரு வீடு முடிவெடுக்கிறது. உங்கள் அலுவலகப் பதிவேட்டில் அந்தத் தெருவுக்குக் குடிநீர் இணைப்பு வழங்கப்பட்டது, தினசரி விநியோகம் நடக்கிறது என்றே இருக்கும், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இராது. ஆபரேட்டரிடம் கேட்டால், சாதி பார்த்துச் செய்யவில்லை, வழக்கமாக இந்த வரிசைதான் என்பார், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அந்த வழக்கத்தை உண்டாக்கியவர் யார் என்று யாருக்கும் நினைவில்லை. வால்வு வரிசையை வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி நீங்கள் இடும் ஒரு ஆணை, நிதி எதுவும் இல்லாமல், அந்தப் பெண்களின் காலையை மாற்றிவிடும். அந்த ஆணையை இடும் அதிகாரம் இன்று, தனி அலுவலர் என்ற முறையில், உங்களிடம் மட்டுமே இருக்கிறது. எளிமையாகவும் பணிவாகவும் இருந்துகொண்டு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் அது எங்கும் கரைந்து போகாது. பழைய வரிசையிடமே திரும்பிப் போகும்.

நடுநிலை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இதைப் போன்றதே. என் துறையில் சமாதானக் கூட்டம் என்று ஒன்று உண்டு. இரு தரப்பையும் அழைத்து, இரு தரப்பின் கருத்தையும் கேட்டு, இரு தரப்பும் கையெழுத்திடும் உடன்பாடு ஒன்றை எழுதுவோம். ஒரு தரப்பு, கூட்டம் முடிந்து ஊருக்குப் போனால் மறு தரப்பின் வயலில்தான் வேலை கேட்க வேண்டும் என்ற நிலையில், அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதை உடன்பாட்டுத் தாள் காட்டாது. பேரையூர் வட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் மோதல்களுக்குப் பின், பட்டியல் சாதியினர் குடியிருப்பைப் பிரித்து எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் மாவட்ட நிர்வாகத்தால் இடிக்கப்பட்டது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் அந்த வழியாக எத்தனை அதிகாரிகள் போயிருப்பார்கள்! அவர்கள் அத்தனை பேரும் சாதி வெறியர்கள் என்று சொல்ல மாட்டேன். பலர் நேர்மைக்குப் பெயர் எடுத்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். ஊர் அமைதியாக இருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. யார் வாய்மூடி இருப்பதால் அந்த அமைதி கிடைக்கிறது என்று கேட்பது அவர்களின் வேலைப் பட்டியலில் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம், ஒன்று யாரும் மனுத் தாக்கல் செய்யவில்லை, அல்லது வென்றவர் பதவியேற்ற சூட்டோடு விலகினார். மேலூர் பக்கம் மேலவளவில் அப்படி ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூனில் கொல்லப்பட்டிருந்த சூழலில், அந்த விலகல் கடிதங்களைத் தன்விருப்பம் என்று படிக்க முடியாது. ஆனால் காகிதத்தில் அவை தன்விருப்பம்தான். ஒவ்வொரு முறையும் விதிப்படி அடுத்த தேர்தல் அறிவிக்கப்பட்டது, விதிப்படி அது வீணாயிற்று. 2006இல், உதயச்சந்திரன் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, தேர்தல் நடந்து வென்றவர்கள் பதவியில் தொடர்ந்தார்கள். ஒதுக்கீட்டுச் சட்டம் அந்தப் பத்தாண்டும் மாறவில்லை. அதைச் செயல்படுத்துவதைத் தன் சொந்த வேலையாக நிர்வாகம் எடுத்துக்கொண்டது என்பதே நான் காணும் வித்தியாசம். அரசியல் ஆதரவும் அந்த ஊர்களுக்குள்ளேயே நடந்த மனமாற்றமும் அதில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆட்சியர் ஒருவரால் மட்டும் நடந்தது என்று எழுதினால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, பதிவேட்டுக்கு வருவோம். உங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு உதவியாளரும் தன்னிடம் வரும் கோப்புகளைப் பதியும் தன்பதிவேடு வைத்திருப்பார். மாத ஆய்வில் நிலுவை எத்தனை என்று எண்ணிக் கையெழுத்திடுவதோடு அதை மூடிவிடுகிறோம். ஒரு மாதம் வேறு விதமாகப் பாருங்கள். முடிந்தவற்றிலும் நிலுவையிலும் கொஞ்சம் எடுத்து, பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள்: மனுதாரர் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர், மனு கொடுத்தவர் ஆணா பெண்ணா, யாராவது நேரிலோ தொலைபேசியிலோ கேட்டு வந்தார்களா, குறை சொல்லி எத்தனை முறை திருப்பப்பட்டது. சாதியைக் கோப்பில் எழுத வேண்டாம். தெருப் பெயரே வேண்டியதைச் சொல்லிவிடும். கேட்டு வர ஆள் இருந்த கோப்புகள் எவ்வளவு நாளில் நகர்ந்தன, ஆள் இல்லாதவை எவ்வளவு நாள் கிடந்தன என்பது தெரிய வரும். இதைக் கொண்டு உங்கள் எழுத்தர் பாரபட்சம் காட்டுகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆவணக் குறை, நிலத் தகராறு என்று நியாயமான காரணங்களும் இருக்கும், சில டஜன் கோப்புகள் எதையும் நிரூபிக்கப் போதாது. எந்த மேசையில், எந்த வகை மனுவில் கேள்வி கேட்க வேண்டும் என்பதை அது காட்டும், அது போதும். கேட்டு வர ஆளில்லாத கோப்புகளை வாரம் ஒருநாள் நீங்களே கேட்டு வாங்கிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், அந்த மனுதாரர்களுக்கும் ஒரு சிபாரிசு கிடைத்த மாதிரி ஆகும்.

அதோடு சேர்த்து ஒன்றை உடனே நிறுத்தலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கப்படும் மனு உங்களிடம் வரும். நீங்கள் அதை அறிக்கைக்காக ஊராட்சிச் செயலருக்கு அனுப்புவீர்கள். மனு அந்தச் செயலரைப் பற்றியதாகவே இருக்கும். ‘மனுதாரரின் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல’ என்ற ஒரு வரியோடு அது திரும்பி வரும். அன்று மாலையே ‘கலெக்டர்ட்டயே போயிட்டியா?’ என்று மனு கொடுத்தவர் வீட்டு வாசலில் கேட்பார்கள். எவர்மீது புகாரோ அவரிடமே அறிக்கை கேட்கக்கூடாது என்று ஒரு அலுவலக ஆணை போதும். வேறு ஊராட்சியின் செயலரையோ துணை வட்டார வளர்ச்சி அலுவலரையோ அனுப்புவதில் கொஞ்சம் காலதாமதம் ஆகும்தான், ஆகட்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வழிபாட்டுத் தல வளாகத்தில் நடத்தக்கூடாது என்று சுற்றறிக்கை ஒவ்வொரு முறையும் சொல்கிறது. ஆனால் கோயிலை ஒட்டிய சாவடியோ மந்தையோ அதில் அடங்காது என்று ஊரில் வியாக்கியானம் செய்துகொள்வார்கள். அங்கே யார் மேடையில் உட்காருவது, யார் ஓரமாக நிற்பது என்பது பல தலைமுறைக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. இடத்தைச் சுழற்சியில் வையுங்கள்; ஒருமுறையாவது ஆதிதிராவிடர் குடியிருப்பில் கூட்டுங்கள். தீர்மானங்களை வாசிக்குமுன், கடந்த கூட்டத்தில் இந்தத் தெரு கேட்டது என்ன, நடந்தது என்ன என்று சொல்லச் செய்யுங்கள். எல்லோரும் தரையில், நீங்கள் நாற்காலியில் என்று உட்காராதீர்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதிப் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தபோது, நாற்காலியில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டார்கள்.

அலுவலகத்துக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வுக் கூட்டத்தில் ஆட்சியர் உங்களைக் கடிவார், நீங்கள் செயலரைக் கடிவீர்கள், அவர் தூய்மைக் காவலரைக் கடிவார். இலக்கின் அழுத்தம் எல்லாம் கடைசியில் பேச முடியாதவர் தலையில் இறங்கும். உங்கள் கூட்டத்தில் நீங்கள் கடைசியாகக் கருத்துச் சொல்லுங்கள். முதலில் சொல்லிவிட்டால் பிறகு வருவதெல்லாம் ‘ஆமாங்கம்மா’தான். தேநீர் யார் வாங்கி வருகிறார், யார் எந்தக் குவளையில் குடிக்கிறார் என்பதைப் பாருங்கள். யாரையும் விசாரிக்க வேண்டாம், பார்த்தாலே போதும். சாய்தளம் இருக்கிறதா என்பதோடு, 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறாமல் இருக்கிறதா, அதன் கதவு பூட்டிக் கிடக்கிறதா, அதன்மேல் இருசக்கர வாகனம் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சட்டம் உறுதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் 4ஆம் பிரிவு, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் அச்சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. ஆகவே ‘நான் எதுவும் செய்யவில்லை’ என்பதே சில இடங்களில் குற்றமாகும். யார் நாற்காலியில் இருக்கிறார் என்பது முடிவுகளை மாற்றும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு: மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளை ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டஃப்லோவும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஊராட்சிகள் பெண்கள் அதிகம் கேட்ட குடிநீர்ப் பணிகளில் கூடுதலாக முதலீடு செய்தது தெரிந்தது. ஐயத்துக்குரியது, நீங்கள் போய்வந்ததைப் போன்ற ஒருநாள் பயிற்சிகளின் பலன். மனதில் உள்ள முன்முடிவுகளை அறியச் செய்வதால் நடத்தை நீடித்து மாறுகிறது என்பதற்கான சான்று இதுவரை பலவீனமாகவே இருக்கிறது. பயிற்சி எடுப்பவனாகிய நானே இதைச் சொல்வது எனக்கு லாபமில்லை என்றாலும், வால்வு வரிசையை மாற்றும் ஆணையை அதைவிட நான் அதிகம் நம்புகிறேன்.

எதிர்ப்பு வரும். முதலில் வருவது கோபமாக இராது. ‘அம்மா ரொம்ப நல்லவங்க, ஆனா ஒரு பக்கமாப் போறாங்க’ என்ற பேச்சாக இருக்கும். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். ஆணையில் எல்லா ஊராட்சிக்கும் பொதுவான காரணத்தை எழுதியிருந்தால் அதுவே பேசும். உங்கள் அலுவலகத்தில் உள்ள பட்டியல் சாதி ஊழியரை அழைத்து ‘உங்க மக்கள் என்ன நினைக்கிறாங்க?’ என்று கேட்காதீர்கள். அவர் கணக்குப் பார்க்க வந்தவர், பிரதிநிதியாக வரவில்லை. புகார் கொடுத்தவரைப் பலர் முன்னிலையில் பாராட்டாதீர்கள். நீங்கள் ஜீப்பில் ஏறிப் போன பிறகும் அவர் அந்தத் தெருவில் இருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் பணியில் இரண்டு மூன்று ஆண்டில் மாறுதல் வந்துவிடும். வாய்மொழியாகச் செய்த எதுவும் அடுத்தவர் வந்த வாரமே பழையபடி ஆகிவிடும். வால்வு வரிசை, புகாருக்கு உள்ளானவரிடம் அறிக்கை கேட்காமை, கிராம சபை இடச் சுழற்சி ஆகிய மூன்றையும் ந.க. எண் என்னும் கோப்பு எண்ணிட்டுச் செயல்முறை ஆணைகளாகப் பிறப்பியுங்கள். ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது தரும் பட்டியலில் அவற்றைத் தனி இனமாகச் சேருங்கள். மாற்ற நினைக்கும் அடுத்த அலுவலர், ஏன் மாற்றுகிறேன் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.